பிவிசியா, அலுமினியமா? வீட்டில் செய்யும் கோல்டு ஏர் இன்டேக்குக்குக் குழாய் தேர்வு

காருக்குக் கோல்டு ஏர் இன்டேக் (வெளியே இருக்கும் குளிர்ந்த காற்றை எஞ்சினுக்குக் கொண்டுவரும் குழாய்) ஒன்றைத் தானே செய்து பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர் முதலில் போய் நிற்கும் இடம் பிளம்பிங் கடைதான். நானும் போய் நின்றேன். "ரெண்டு இன்ச் பைப் மூணு அடி, எல்போ ரெண்டு" என்றதும் கடைக்காரர் "மோட்டாருக்கா?" என்று கேட்டார். காருக்கு என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன். அந்தக் குழாய் சித்திரை வெயிலில் என்ன ஆனது என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இந்தக் குழாய் எதற்கு என்று பார்ப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 11 கிலோ காற்று. பெட்ரோலைப் பம்ப் தள்ளிவிடும். காற்றை எஞ்சின் தானே மூச்சிழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். சூடான காற்று விரிந்து கிடக்கும், எனவே அதே சிலிண்டருக்குள் எடை குறைவாகத்தான் நுழையும். குளிர்ந்த காற்று நெருக்கமாக இருப்பதால் அதே இடத்தில் அதிக எடை பிடிக்கும். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்: 3 டிகிரி செல்சியஸ் குறைந்தால் காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் கூடும். பானட்டுக்குள் 60 டிகிரியில் கிடக்கும் காற்றை விட்டுவிட்டு வெளியே 35 டிகிரியில் இருப்பதை இழுத்தால் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல் காற்று. கோல்டு ஏர் இன்டேக்கின் மொத்த விஷயமும் இவ்வளவுதான்.

ஆனால் இன்றைய கார்களில் பெரும்பாலானவை கம்பெனியிலிருந்து வரும்போதே கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஹெட்லைட் பக்கத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் இழுக்கின்றன. அப்படிப்பட்ட காரில் அந்த 8 சதவீதம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரைப் பானட்டுக்குள் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்தால் கிடைப்பது சுடுகாற்று இன்டேக். உறிஞ்சும் சத்தம் மட்டும் நன்றாகக் கூடும். அந்தச் சத்தத்தைப் பவர் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. எனக்கும் அந்த மயக்கம் ஒரு மாதம் இருந்தது.

அலுமினியம் சூட்டைக் கடத்துமே?

குழாய்ப் பேச்சு வந்தாலே முதலில் எழும் சண்டை இது. "அலுமினியம் சூட்டை வாங்கி உள்ளே கொடுத்துவிடும், பிளாஸ்டிக்தான் நல்லது" என்பது ஒரு கட்சி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். வெப்பத்தைக் கடத்தும் திறனில் அலுமினியத்துக்கும் பிவிசிக்கும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வித்தியாசம் உண்டு. ஆயிரம் மடங்கு என்றால் உள்ளே போகும் காற்றும் கொதித்துவிடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 லிட்டர் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நொடிக்கு 50 லிட்டர் அளவுக்குக் காற்றை இழுக்கும். 63 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அந்தக் காற்று நொடிக்குச் சுமார் 16 மீட்டர் வேகத்தில் பாயும். குழாயின் நீளம் 60 சென்டிமீட்டர் என்றால் காற்று அதற்குள் இருப்பது ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம். சூடாக அவகாசமே இல்லை.

இன்னொரு காரணம்தான் முக்கியம். பானட்டுக்குள் இருக்கும் சூடான காற்றிலிருந்து வெப்பம் குழாயின் வெளிப்பக்கத்துக்கு வர வேண்டும், பிறகு குழாயின் சுவரைக் கடக்க வேண்டும், பிறகு உள்ளே ஓடும் காற்றுக்குப் போக வேண்டும். இதில் முதல் படிதான் மிக மந்தம். வாய்க்காலின் தலைமடை சின்னதாக இருந்தால், கீழே வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும் வயலுக்கு வரும் தண்ணீர் கூடாது அல்லவா? அதே கதைதான். குழாய்ச் சுவர் அலுமினியமாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் தலைமடை வெளியே இருக்கிறது. பானட்டுக்குள் 80 டிகிரி, வெளிக்காற்று 35 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால், முழு வேகத்தில் அலுமினியக் குழாய்க்குள் காற்று சூடேறுவது சுமார் ஒரு டிகிரி. பிவிசியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மேலே சொன்ன மனக்கணக்கின்படி ஒரு டிகிரி என்பது 1 சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆயிரம் மடங்கு வித்தியாசம் கடைசியில் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

சிக்னலில் நிற்கும்போது நிலைமை வேறு. அப்போது காற்று ஆமை வேகத்தில் நகரும், எனவே ஏழெட்டு டிகிரி வரை சூடேறலாம். ஆனால் அது இரண்டு பொருளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் நடக்கும். சிக்னலில் நிற்கும் வண்டிக்குப் பவர் எதற்கு? கிளம்பி ஓடத் தொடங்கினால் குழாய் சேர்த்து வைத்த சூடு ஓரிரு நிமிடங்களில் போய்விடும்.

எஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் குழாய் போகிறது என்றால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே வெப்பம் காற்று வழியாக வருவதைவிடக் கதிராக வருவது அதிகம். பளபளப்பான அலுமினியம் அந்தக் கதிரைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். கறுப்பு பிளாஸ்டிக் குடித்துவிடும். அதாவது "அலுமினியம் சூடாகும்" என்று பயப்படும் இடத்தில்தான் அலுமினியம் நன்றாக வேலை செய்கிறது.

ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது "எது குளிர்ச்சி" என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். எந்தப் பொருள் சூட்டில் தளராது, உறிஞ்சும் விசையில் அமுங்காது, உள்ளே துகள் உதிர்க்காது, எஞ்சின் ஆடும்போது விரிசல் விடாது? கேட்க வேண்டியது இதைத்தான். ஃபில்டருக்கும், எஞ்சின் வாயில் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் இருக்கும் குழாயில் எது கழன்றாலும் அது நேராக எஞ்சினுக்குள்தான் போகும். நடுவில் காவல் யாரும் இல்லை.

பிவிசி

விலை குறைவு, எங்கும் கிடைக்கும், ஹாக்ஸா பிளேடு ஒன்று இருந்தால் அறுத்துவிடலாம். அதனால்தான் எல்லாரும் இதில் தொடங்குகிறார்கள். கடையில் "இரண்டு இன்ச்" என்று கேட்டால் தருவது 63 மில்லி, "இரண்டரை இன்ச்" என்றால் 75 மில்லி. இரண்டும் வெளி அளவு. உள்ளளவு சுவரின் கனத்தைப் பொறுத்து மாறும், ஸ்கேலைக் கொண்டுபோய் அளந்தே வாங்குங்கள்.

பிரச்சினை வெப்பம். சாதாரண பிவிசி 60 டிகிரி வரை நிம்மதியாக இருக்கும். 80 டிகிரியை நெருங்கும்போது ரப்பர் மாதிரி வளையத் தொடங்கிவிடும். எஞ்சின் கூலன்ட்டே 90 டிகிரி அளவில் ஓடுகிறது. வண்டி ஓடும்போது உள்ளே போகும் காற்று குழாயைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆபத்து வண்டியை நிறுத்திய பிறகுதான். ஃபேன் நின்றுவிடும், காற்றோட்டம் இருக்காது, எஞ்சினில் இருக்கும் சூடு முழுவதும் மேலே எழுந்து பானட்டுக்குள் தேங்கும். அந்தப் பத்து இருபது நிமிடம்தான் பிளாஸ்டிக்குக்குச் சோதனை.

என் குழாய்க்கு நடந்ததும் இதுதான். ஒரு நீண்ட பயணத்தில் மதிய நேரம், சாப்பிட நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து கிளப்பினால் ஐடிலிங் துடிக்கிறது. பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸுக்குப் பக்கமாகப் போன நேர்க்குழாய், துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி நடுவில் தொய்ந்து, ஒரு முனை ரப்பர் இணைப்பிலிருந்து பாதி கழன்று கிடந்தது. ஃபில்டர் ஒரு பக்கம் இருக்க, எஞ்சின் அந்த இடுக்கு வழியாக நெடுஞ்சாலைத் தூசியை நேரடியாக இழுத்துக்கொண்டிருந்தது. தப்பு குழாயுடையது இல்லை. தண்ணீருக்குச் செய்த பொருளை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தது நான்.

வாசனை வந்தால் உஷார். பிவிசி எக்ஸாஸ்ட்டைத் தொட்டுக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வரும். மூக்குக்கும் கெடுதல், உலோகத்துக்கும் கெடுதல்.

அப்படியானால் பிவிசி வேண்டவே வேண்டாமா? பம்பர் அல்லது கிரில் பக்கத்திலிருந்து ஃபில்டர் பெட்டி வரைக்குமான முன்பாதிக்கு, அதாவது ஃபில்டருக்கு முந்தைய வழிக்கு, நான் இன்னும் பயன்படுத்துகிறேன். அது தளர்ந்தாலும் கழன்றாலும் எஞ்சினுக்குத் தூசி போகாது, ஃபில்டர் தடுத்துவிடும். தவிர அந்தப் பகுதியில்தான் சூடும் குறைவு. ஃபில்டருக்குப் பிறகு வரும் பாதிக்கு மட்டும் வேண்டாம்.

எல்போ பற்றியும் ஒரு வார்த்தை. பிளம்பிங் எல்போவின் உள்வளைவு கூர்மையானது, காற்று அங்கே முட்டித் திரும்பும். தவிர குழாய் எல்போவுக்குள் நுழையும் இடத்தில் உள்ளே ஒரு படி இருக்கும். கடையில் 'பெண்டு' என்று நீளமாக வளைந்தது தனியாகக் கிடைக்கும். அதையே கேளுங்கள்.

வெந்நீருக்குப் போடும் வெளிர்மஞ்சள் சிபிவிசி 90 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். கேட்டதும் இதுவே போதுமே என்று தோன்றும். ஆனால் வீட்டு பிளம்பிங் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய அளவான இரண்டு இன்ச்சில் உள்விட்டம் 45 மில்லி அளவுதான். சின்ன எஞ்சினுக்கே அது மூச்சு முட்டும்.

அலுமினியம்

ஃபில்டருக்குப் பிந்தைய பாதிக்கு, பணம் இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். லேசானது, பானட்டுக்குள் வரும் எந்தச் சூட்டிலும் தளராது, துருப்பிடித்து உதிராது. ஒன்றரை மில்லி சுவர் போதும். அறுபது சென்டிமீட்டர் நீளத்துக்கு அரைக் கிலோ எடைதான் வரும்.

சிரமம் வேலைப்பாட்டில் இருக்கிறது. வீட்டில் அலுமினியக் குழாயை வளைக்கப் பார்த்தால் சப்பிப்போகும். ஏற்கெனவே வளைத்து விற்கும் 45, 90 டிகிரித் துண்டுகளை வாங்கி, நடுவில் நேர்க்குழாய் சேர்த்து, சிலிக்கான் இணைப்புகளால் கோப்பது எளிய வழி. வெல்டிங் என்றால் டிக் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். தெருமுனை ஆர்க் வெல்டிங் இதற்கு ஆகாது. வெல்டிங் ஆன பிறகு உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாக ஏதாவது ஒட்டியிருந்தால் அரத்தால் எடுத்துவிட்டுக் கழுவுங்கள். ஓடும் எஞ்சினுக்குள் ஒரு மணி அலுமினியம் போனால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

குழாயின் முனையில் விளிம்பு மாதிரி ஒரு மேடு இருக்க வேண்டும். லேத் பட்டறையில் உருட்டித் தருவார்கள். அந்த மேடு இல்லாவிட்டால் ஹோஸ் கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் ரப்பர் மெதுவாக வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ரப்பர், சிலிக்கான்

எஞ்சின் தன் மவுண்டுகளின் மேல் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஃபில்டர் பெட்டியோ பாடியோடு இறுக்கமாக நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் குழாயில் எங்காவது நெகிழ்வான துண்டு ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும், அலுமினியம் வெல்டிங்கில் கீறும், அல்லது த்ராட்டில் பாடியின் கழுத்தே பாரம் தாங்கும்.

பாலியஸ்டர் துணி அடுக்கு வைத்த சிலிக்கான் ஹோஸ் நல்ல பொருள். 150 டிகிரியைத் தாண்டியும் அசராது. ஆனால் எண்ணெயோடு அதற்கு ஒத்துவராது. எஞ்சினிலிருந்து ப்ரீதர் ஹோஸ் வழியாக எண்ணெய்ப் புகை இன்டேக்குக்குத்தான் வருகிறது, நாளடைவில் சாதாரண சிலிக்கான் ஊறி உப்பிப்போகும். ப்ரீதர் வந்து சேரும் இடத்தில் நைட்ரைல் ரப்பர் போடலாம், அல்லது அந்த இணைப்பை உலோகக் குழாயில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மோட்டாருக்குப் போடும் மெல்லிய உறிஞ்சு ஹோஸ் வேண்டாம்.

கசிவை அடைக்க ஒட்டும் சிலிக்கான் பசையிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. புளித்த காடி வாசனை அடிக்கும் சாதாரணப் பசை வெளியிடும் ஆவி, எக்ஸாஸ்டில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கக்கூடியது. சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபில் எழுதியிருப்பதை வாங்குங்கள். அதையும் முழுதாகக் காய்ந்த பிறகே வண்டியைக் கிளப்புங்கள்.

மற்றவை, சுருக்கமாக

ஜிஐ பைப்: கனம். உள்ளே துத்தநாகப் பூச்சு செதிலாக உரியும், வெல்டிங் செய்தால் அந்தப் புகை காய்ச்சலை வரவழைக்கும். வேண்டாம். சாதாரண இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்து உதிரும், அதுவும் வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நன்றாகவே இருக்கும், எடை மட்டும்தான் குறை. சமையலறைச் சிம்னிக்கு மாட்டும், மடிப்பு மடிப்பாகச் சுருங்கி விரியும் அலுமினியத் தாள் குழாயை ஃபில்டருக்கு முன்னால் மட்டும் வைக்கலாம், பின்னால் வைத்தால் உறிஞ்சலில் அமுங்கும், தேய்ந்தால் கிழிந்து உள்ளே போகும். 3டி பிரின்டரில் பிஎல்ஏ இழையால் அச்சடிப்பவர்கள் கவனிக்க: அது 60 டிகிரியிலேயே இளகிவிடும், பிவிசியைவிட மோசம். ஏபிஎஸ் இழை என்றால் 100 டிகிரி வரை நிற்கும்.

டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் டர்போவுக்கு முன்னால் வரும் உறிஞ்சு பாதைக்கு மட்டும். டர்போவுக்குப் பிறகு காற்று அமுக்கப்படும்போது சூடேறும். வெளிக்காற்றைவிட ஒரு பார் கூடுதல் அழுத்தத்திலேயே 130 டிகிரி வரை போகலாம். அந்த இடத்தில் எந்த பிளம்பிங் பிளாஸ்டிக்கும் நிற்காது. வெடித்துக் கழலும்.

பழைய கார்க் குழாய்

புத்திசாலித்தனமான பொருள் ஒன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகளில், சென்னை என்றால் புதுப்பேட்டை, வேறு கார்களின் ஒரிஜினல் இன்டேக் குழாய்கள் குவிந்து கிடக்கும். அவை பாலிப்ரோப்பிலீனாலோ கண்ணாடி இழை கலந்த நைலானாலோ செய்தவை. எஞ்சின் சூட்டுக்கென்றே செய்தவை, எண்ணெய்ப் புகையைத் தாங்குபவை, உள்ளே வழவழவென்று இருப்பவை, ப்ரீதர் இணைப்புக்கான மூக்கும் கூடவே வரும். நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த ரப்பர் துண்டும் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. ஒரு வெர்னியர் காலிப்பரும் உங்கள் த்ராட்டில் பாடியின் அளவும் எடுத்துக்கொண்டு போங்கள். வாங்குவதற்கு முன் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அமுக்கி, முடி போன்ற விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். இப்போது என் காரில் இருப்பது இப்படி வாங்கிய ஒன்றுதான். எந்தக் காருடையது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

விட்டத்தில் விளையாட வேண்டாம்

பெரிய குழாய் போட்டால் அதிகக் காற்று வரும் என்று நினைத்து அகலமாக வாங்குவது வழக்கமான தவறு. சில கார்களில் ஃபில்டருக்கு அடுத்தே குழாயில் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் இருக்கும். மின்சார இணைப்போடு குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும். அது தன்னைக் கடக்கும் காற்றின் ஓட்டத்தை உணர்ந்து, கம்பெனிக் குழாயின் அளவை வைத்து மொத்தக் காற்றைக் கணிக்கிறது. 60 மில்லி இருந்த இடத்தில் 66 மில்லி போட்டால் பரப்பு 21 சதவீதம் கூடுகிறது, அதே காற்று மெதுவாகக் கடக்கிறது. "காற்று குறைவு" என்று கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் குறைக்கும். ஓரளவுக்குத் தானே திருத்திக்கொள்ளும், அதற்கு மேல் செக் எஞ்சின் விளக்கு எரியும். சென்சார் உள்ள அந்தத் துண்டை மட்டும் கம்பெனிக் குழாயிலிருந்தே வெட்டி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு முன்னால் கொஞ்சமாவது நேர்க்குழாய் இருக்கட்டும், எல்போ முடிந்ததும் சென்சார் என்றால் அளவு தாறுமாறாக ஆடும். இந்தச் சென்சார் இல்லாமல் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) உள்ள அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் கார்களில் இந்தத் தலைவலி கிடையாது.

அப்புறம் வாய். குழாயின் வாயைப் பம்பருக்குக் கீழே தாழ்வாக வைத்தால் கோடையில் குளிர்ந்த காற்று கிடைக்கும், ஐப்பசி மழையில் தண்ணீர் கிடைக்கும். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் புகுந்தால் பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீருக்குள் வண்டியைக் கிளப்பி எஞ்சினை இழந்தவர்களைக் கேளுங்கள். வாய் குறைந்தபட்சம் கம்பெனி வைத்த உயரத்திலாவது இருக்கட்டும்.

குழாயைப் பொருத்தும் முன் அறுத்த விளிம்புகளை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுங்கள். துணியில் எதுவும் ஒட்டாத வரை மறுபடி கழுவுங்கள். உள்பக்கம் பெயிண்ட் அடிக்காதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு மதியம், நிறுத்திப் பதினைந்து நிமிடம் கழித்து பானட்டைத் திறந்து, துணியைக் கையில் சுற்றிக்கொண்டு குழாயை அமுக்கிப் பாருங்கள். விரலுக்கு வளைந்து கொடுத்தால் அந்தப் பொருள் அந்த இடத்துக்கு ஆகாது.